டே சென்டரை மூடப் போகிறார்கள்: கவுன்சிலில் யாரிடம், எப்போது, எதைக் கேட்பது?

கேள்வி: வணக்கம். நாங்கள் லண்டனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 79 வயது, டிமென்ஷியா. வாரத்தில் மூன்று நாள் கவுன்சில் பணத்தில் நடக்கும் டே சென்டருக்குப் போகிறார். அங்கே தமிழ் பேசும் ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று நாட்களில்தான் நான் வேலைக்குப் போகிறேன். இப்போது பட்ஜெட் சேமிப்பு என்று சொல்லி, வருகிற ஏப்ரலில் சென்டரை மூடப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஜனவரி நடுப்பகுதி வரை கருத்துச் சொல்லலாமாம். இதே நேரத்தில் அம்மா போகும் மெமரி கிளினிக்கையும் வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள். எங்கள் கவுன்சிலரைக் கேட்டால் "அது என்.எச்.எஸ். விஷயம்" என்கிறார். கிளினிக்கில் கேட்டால் "கவுன்சில் பணத்தைக் குறைத்துவிட்டது" என்கிறார்கள். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கக் கவுன்சிலிலேயே ஒரு கமிட்டி இருப்பதாகத் தோழி சொன்னாள். உண்மையா? அங்கே போய்ப் பேசினால் ஏதாவது நடக்குமா? சபையில் எழுந்து ஆங்கிலத்தில் பேச எனக்குத் தயக்கமாகவும் இருக்கிறது.
வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோழி சொன்னது உண்மைதான். அந்தப் பொறுப்பைச் செய்யும் குழு உங்கள் கவுன்சிலிலும் இருக்கிறது. நீங்கள் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் போவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. டே சென்டரும் கிளினிக்கும் என்ன ஆகும் என்பது ஒன்று. அது எல்லாருக்குமான முடிவு, குழுவின் வேலை அதில்தான். உங்கள் அம்மாவுக்கு இனி என்ன ஏற்பாடு என்பது இன்னொன்று. அது அவருடைய தனிப்பட்ட உரிமை, அதற்கு எந்தக் கமிட்டியின் தயவும் வேண்டாம்.

கவுன்சில் குழுக்களுக்கு அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருந்தபோது நான் அடிக்கடி பார்த்தது இது. குடும்பங்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவார்கள், ஒரே கூட்டத்தில் பேசுவார்கள். குழுத் தலைவர் "தனிநபர் விவகாரத்தை இங்கே எடுக்க முடியாது" என்று நிறுத்திவிடுவார். சோஷியல் வொர்க்கரிடம் போனால் "சென்டர் முடிவு என் கையில் இல்லையே" என்பார். இருவர் சொல்வதும் விதிப்படி சரி. குடும்பத்துக்கு மட்டும் பதில் கிடைத்திருக்காது.

அம்மாவின் உரிமையை முதலில் பார்த்துவிடலாம். சட்டம் உங்கள் பக்கம் மிக உறுதியாக நிற்பது அங்கேதான்.

இங்கிலாந்தில் 2015 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருப்பது 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட். மதிப்பீடு செய்து, ஒருவருக்குத் தகுதியான பராமரிப்புத் தேவை இருக்கிறது என்று கண்டுவிட்டால், அதை நிறைவேற்றுவது கவுன்சிலின் கடமை. எந்த வழியில் நிறைவேற்றுவது என்று தீர்மானிக்கும்போது தன் பண நிலைமையைக் கவுன்சில் பார்க்கலாம். பணம் இல்லை என்பதற்காக நிறைவேற்றாமலே விட முடியாது. ஆகவே சென்டரின் கதவை மூடினாலும் அம்மாவின் கேர் பிளான் அதோடு முடிந்துபோகாது. அந்தப் பிளானை மாற்ற வேண்டுமென்றால், அம்மாவோடும் அவரைப் பார்த்துக்கொள்ளும் உங்களோடும் பேசி, மறுபரிசீலனை செய்து, உடன்பாட்டுக்கு வர நியாயமான முயற்சி எடுத்த பிறகுதான் மாற்ற வேண்டும். அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. "ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து வேறு சென்டர்" என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டுப் போக அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

அந்த ரிவ்யூவை அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். அதில் சென்டர் அம்மாவுக்கு என்ன செய்கிறது என்பதை விரிவாகச் சொல்லுங்கள். தகுதியை முடிவு செய்யும் தேசியப் பட்டியலில் பத்து அம்சங்கள் இருக்கின்றன. சாப்பாடு, உடல் சுத்தம், வீட்டில் பாதுகாப்பாக இருப்பது எல்லாம் அதில் வரும். மனித உறவுகளைப் பேணுவதும், ஊரில் உள்ள வசதிகளைப் பயன்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. பலர் முதல் மூன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். பிறகு மாற்று ஏற்பாடு என்று வருவது, வீட்டுக்கு வந்து அரைமணி நேரத்தில் சோறு ஊட்டிவிட்டுப் போகும் ஒருவர்.

மொழியைப் பற்றியும் தயங்காமல் எழுதுங்கள். டிமென்ஷியா முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி மட்டுமே மிஞ்சுவதும் பரவலாகக் காணப்படும் ஒன்று. தமிழ் பேசும் ஊழியர் இருப்பது அம்மாவுக்கு வசதி என்ற கணக்கில் வராது. பசிக்கிறது, வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடிவது அதனால்தான். அது தேவை. அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

உங்களுக்காகவும் ஒன்று கேளுங்கள். அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவில் பராமரிப்பவருக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா, போக விரும்புகிறீர்களா என்பதைக் கவுன்சில் அதில் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த மூன்று நாள் வேலை பறிபோனால் என்ன ஆகும் என்பது ரெக்கார்டில் ஏற வேண்டும்.

சரி, இப்போது சென்டருக்கும் கிளினிக்கும் வருவோம்.

கவுன்சிலரும் கிளினிக்கும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதற்குக் காரணம், இந்த ஏற்பாடே இரண்டு வீடாகப் பிரிந்து கிடப்பதுதான். மருத்துவம் என்.எச்.எஸ். கையில். அது இலவசம், பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது, உங்கள் பகுதியில் அதைப் பங்கிடுவது இன்டகிரேட்டட் கேர் போர்டு. 2022 ஜூலையில் இங்கிலாந்து முழுக்க 42 போர்டுகளாக இவை தொடங்கின. முதியோர் பராமரிப்பு கவுன்சில் கையில். அதில் வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவு முழுவதையும் நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தபடியே பராமரிப்புப் பெறுகிறவர் குடியிருக்கும் வீட்டின் மதிப்பு இதில் சேராது. இந்தப் பணத்தின் ஒரு பங்கு உங்கள் கவுன்சில் டாக்ஸிலிருந்து போகிறது. பில்லை எடுத்துப் பாருங்கள், "அடல்ட் சோஷியல் கேர்" என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 2016-இலிருந்து அது அப்படித்தான் வருகிறது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பொதுப் பெட்டியும் உண்டு. பெட்டர் கேர் ஃபண்ட் என்று 2015-இல் தொடங்கிய கூட்டு நிதி அது. என்.எச்.எஸ். பணமும் கவுன்சில் பணமும் அதில் சேர்கின்றன. அதற்கான திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, கவுன்சிலும் என்.எச்.எஸ்.ஸும் சேர்ந்து உட்காரும் உங்கள் கவுன்சிலின் ஹெல்த் அண்ட் வெல்பீயிங் போர்டு. ஆகவே உங்கள் முதல் கேள்வி மிக எளிமையானது: "இந்த டே சென்டருக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? முழுக்கக் கவுன்சில் பட்ஜெட்டா, கூட்டு நிதியில் பங்கு உண்டா?" இதை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் மறுபடியும் கைகாட்டல்தான் நடக்கும். எழுத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி (ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன் ஆக்ட்) கேளுங்கள், 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இப்போது அந்தக் குழு. கவுன்சில் இணையதளத்தில் "ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் ஸ்க்ரூட்டினி கமிட்டி" அல்லது அதற்கு நெருக்கமான பெயரில் தேடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் பெயர் கொஞ்சம் மாறும். கேபினட் முறையில் இயங்கும் கவுன்சில்களில் முடிவெடுப்பவர்கள் ஒரு சின்னக் குழுவாக இருப்பார்கள். மற்றக் கவுன்சிலர்கள் அவர்களைக் கேள்வி கேட்பதற்காக 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஸ்க்ரூட்டினி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேபினட்டில் இருப்பவர் ஸ்க்ரூட்டினியில் உட்காரக் கூடாது. அடுத்த ஆண்டே, 2001-இல் வந்த இன்னொரு சட்டம், உள்ளூர் என்.எச்.எஸ்.ஸையும் கேள்வி கேட்கும் அதிகாரத்தைக் கவுன்சிலுக்குக் கொடுத்தது. டாக்டர்களும் மேனேஜர்களும், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் முன் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்வது சின்ன விஷயமில்லை. நம் மக்கள் இதை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்தக் குழுவால் எந்த முடிவையும் ரத்து செய்ய முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் என்.எச்.எஸ்.ஸிடம் தகவல் கேட்டால் அவர்கள் தர வேண்டும், அதிகாரியை அழைத்தால் வர வேண்டும். குழு ஒரு பரிந்துரை செய்து பதில் கேட்டால், என்.எச்.எஸ். 28 நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கேபினட்டுக்கு இரண்டு மாதம். அது தவிர, கேபினட் எடுத்த முடிவு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அதைப் பிடித்து நிறுத்தி "மறுபடி யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பும் "கால்-இன்" அதிகாரமும் குழுவுக்கு உண்டு. முடிவு வெளியான பிறகு அதற்குக் கிடைப்பது சில நாட்களே. அதனால் உங்கள் வார்டு கவுன்சிலர்களிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இந்தக் குழுக்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஃபர்ட்ஷயர் சாட்சி. மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட கொடுமையை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ், 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். உள்ளூர் ஸ்க்ரூட்டினி குழுக்களையும் அவர் விடவில்லை. ஏதோ பெரிய கோளாறு நடக்கிறது என்பதற்கான அறிகுறிகளை அந்தக் குழுக்கள் கண்டுகொள்ளவில்லை, அவற்றின் தீவிரத்தை உணரவுமில்லை என்று எழுதினார். அங்கே உண்மையை விடாமல் பேசி வெளியே கொண்டுவந்தவர்கள் நோயாளிகளின் குடும்பத்தார்கள்தான். குழுவில் இருக்கும் கவுன்சிலர்கள் பெரும்பாலும் மருத்துவமோ கணக்கோ படித்தவர்கள் அல்ல. அதிகாரி கொண்டுவரும் வண்ண வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுவது எளிது. உங்களைப் போன்ற ஒருவர் எழுந்து ஒரு குறிப்பான கேள்வி கேட்டால் அந்த அறையே மாறும்.

எப்போது போவது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கவுன்சிலின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அதற்கான பட்ஜெட்டை முழுக் கவுன்சில் மார்ச் 11-க்குள் நிறைவேற்ற வேண்டும். லண்டன் பரோக்களில், அதாவது இங்குள்ள கவுன்சில் பகுதிகளில், பொதுவாக பிப்ரவரியில் கேபினட், பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ முழுக் கவுன்சில். சேமிப்புத் திட்டங்கள் ஸ்க்ரூட்டினிக்கு வருவது அதற்கு முன், டிசம்பர் அல்லது ஜனவரியில். நம் ஆட்கள் கூட்டமாகத் திரண்டு வருவது பெரும்பாலும் மார்ச் மாதக் கூட்டத்துக்கு. அன்றைக்கு எண்கள் எல்லாம் கட்டி முடிக்கப்பட்டிருக்கும். டே சென்டரை மூடாமல் விட வேண்டுமென்றால் அந்தத் தொகையை வேறெங்காவது குறைத்துக் காட்ட வேண்டும், அந்த நேரத்தில் அதற்கு யாரும் துணியமாட்டார்கள். ஜனவரியில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு மார்ச்சில் போடப்படும் நூறு கோஷத்தைவிடப் பலன் உண்டு.

கூட்ட நிகழ்ச்சிநிரலும் அறிக்கைகளும் கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன்பே இணையதளத்தில் வந்துவிட வேண்டும். பெரிய முடிவு எதையும் கேபினட் எடுப்பதற்கு 28 நாட்களுக்கு முன் அறிவிப்புப் போட வேண்டும், அதை "ஃபார்வர்ட் பிளான்" என்ற தலைப்பில் பார்க்கலாம். பொதுமக்கள் கேள்வி கேட்பதற்கான கெடு கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுகிறது. நாளைக்கே, கவுன்சில் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்யும் டெமாக்ரடிக் சர்வீசஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த கூட்டத் தேதி, கேள்வி அனுப்பக் கடைசி நாள், குழுவாக வந்து பேச அனுமதி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். அந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்சி கிடையாது. கேட்டால் நன்றாகவே உதவுவார்கள்.

எதைக் கேட்பது? உங்கள் இடத்தில் நான் இருந்தால் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆரம்பிப்பேன். அறிக்கையில் "டே சென்டர் மூடல், சேமிப்பு இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கும். அது பெரும்பாலும் சென்டரை நடத்தும் செலவு மட்டுமே. அங்கே வருகிறவர்களுக்குச் சட்டப்படி மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், போக்குவரத்துக்குப் பணம் வேண்டும். "நீங்கள் காட்டும் சேமிப்பிலிருந்து மாற்று ஏற்பாட்டின் செலவைக் கழித்துவிட்டீர்களா? கழித்தால் மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இன்னும் ஒரு படி மேலே போகலாம். வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளோ மகனோ களைத்துப்போனால், அந்த முதியவர் கேர் ஹோமுக்குப் போக நேரும். அந்தச் செலவு டே சென்டருக்கு ஆவதைவிடப் பல மடங்கு. "எத்தனை குடும்பங்களில் இப்படி நடக்கும் என்று மதிப்பிட்டீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பல அறிக்கைகள் வருகின்றன.

இரண்டாவது கேள்வி ஆட்களைப் பற்றியது. "இப்போது சென்டருக்கு வருபவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேருக்கு ரிவ்யூ முடிந்து, ஏற்கத்தக்க மாற்று இடம் கிடைத்திருக்கிறது?" டிசம்பரில் இதற்குப் பதில் "இனிமேல்தான்" என்றால், சேமிப்புத் தொகையும் யூகம்தான் என்பது கவுன்சிலர்களுக்குத் தானே புரியும்.

மூன்றாவது நான் மிக விரும்பும் கேள்வி. "முதியோர் பராமரிப்புத் துறை போன வருடம் எவ்வளவு சேமிப்பதாக வாக்குக் கொடுத்தது, உண்மையில் எவ்வளவு சேமித்தது?" இதற்கான விடை கவுன்சிலின் சொந்த பட்ஜெட் கண்காணிப்பு அறிக்கையிலேயே இருக்கும், வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபினட்டுக்கு வரும் அது. அதைப் பார்த்துவிட்டுப் போய்க் கேளுங்கள். வாக்குக் கொடுத்ததில் பாதிதான் நடந்திருக்கிறது என்றால், இந்த வருட வாக்கை ஏன் நம்ப வேண்டும் என்று குழு கேட்கும். நீங்கள் கேட்கத் தேவையே இருக்காது.

சமத்துவ ஆய்வையும் மறக்காதீர்கள். 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவுப்படி, வயது, உடல்நலக் குறைபாடு, இனம் ஆகியவற்றால் பாதிக்கப்படுகிறவர்களைப் பற்றி முடிவுக்கு முன்பே கவுன்சில் கவனமாக யோசித்திருக்க வேண்டும். தமிழ் முதியவர்களைப் பற்றி அந்த ஆய்வில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே கேள்வியாக்குங்கள்.

கருத்துக் கேட்பு படிவத்தை நிரப்பும்போது ஒரு தீர்ப்பு உங்களுக்கு உதவும். ஹாரிங்கே கவுன்சில் 2012-இல் கவுன்சில் டாக்ஸ் சலுகையைக் குறைப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. வரியைக் கொஞ்சம் உயர்த்துவது, கையிருப்பிலிருந்து எடுப்பது போன்ற வேறு வழிகளைப் பற்றி அந்தக் கடிதத்தில் சொல்லவே இல்லை. 2014 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், அது நியாயமான கருத்துக் கேட்பு இல்லை, சட்டவிரோதம் என்றது. உங்களுக்கு வந்த கடிதத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படியுங்கள். மூடுவதைத் தவிர வேறு எந்த வழியெல்லாம் யோசித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று இருக்கிறதா? கருத்துச் சொல்லப் போதுமான காலமும் விவரமும் தந்திருக்கிறார்களா? "ஏப்ரலில் மூடுகிறோம்" என்று முடிவாகவே எழுதிவிட்டுக் கருத்துக் கேட்டிருந்தால் அதுவே ஒரு குறை. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் கேட்பதற்குப் பெயர்தான் கருத்துக் கேட்பு. இதை எல்லாம் படிவத்திலேயே எழுதுங்கள்.

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கவுன்சில்களின் கை நிஜமாகவே காலியாகிக்கொண்டிருக்கிறது. உங்களுடையது போன்ற கவுன்சில்களில் பெரியவர்கள், குழந்தைகள் பராமரிப்புக்கே பட்ஜெட்டில் பாதிக்கும் மேல் போய்விடுகிறது. கிராய்டன் 2020-இலும், பர்மிங்காம் 2023 செப்டம்பரிலும் 114-ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுத்தன. வரவுக்குள் செலவு அடங்கவில்லை, சட்டப்படி கட்டாயமானது தவிரப் புதிய செலவு கிடையாது என்று தலைமை நிதி அதிகாரியே எழுதிக் கொடுக்கும் நிலை அது. "பணம் இல்லை" என்று அதிகாரி சொன்னால் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள். இருக்கும் பணத்தில் இந்த வெட்டு புத்திசாலித்தனமானதா என்பதுதான் உங்கள் வாதம், அதில் நீங்கள் வெல்ல முடியும்.

மெமரி கிளினிக் விஷயம் வேறு பாதையில் போகும். என்.எச்.எஸ். தன் சேவையில் கணிசமான மாற்றம் செய்வதாக இருந்தால், கவுன்சிலின் ஸ்க்ரூட்டினி குழுவிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். இந்தச் சுகாதார மேற்பார்வைக்காக 2013-இல் வந்த விதிகளில் 23-ஆவது அது. எது கணிசமான மாற்றம் என்று சட்டம் அளந்து சொல்லவில்லை. இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே குழுத் தலைவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "இந்தக் கிளினிக் மாற்றத்தை, அதை நடத்தும் என்.எச்.எஸ். டிரஸ்ட் உங்கள் முன் கொண்டுவந்ததா? கணிசமானது என்று நீங்கள் கருதினீர்களா?" பல பரோக்களைச் சேர்ந்தவர்கள் அந்தக் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்றால் அது கூட்டுக் குழுவின் முன் போகும். வடமேற்கு லண்டனிலும் வட மத்திய லண்டனிலும் அப்படிக் கூட்டுக் குழுக்கள் இருக்கின்றன.

முன்பெல்லாம் குழு திருப்தியடையாவிட்டால் சுகாதார அமைச்சருக்கு முறையாக அனுப்பும் அதிகாரம் இருந்தது. 2024 ஜனவரி 31 முதல் அது போய்விட்டது. இப்போது யார் வேண்டுமானாலும், நீங்கள்கூட, அமைச்சர் தலையிட வேண்டும் என்று எழுதலாம். ஆனால் உள்ளூரில் பேசித் தீர்க்க முயன்றதைக் காட்ட வேண்டும். என் கருத்தில் இதில் மக்களுக்குக் கிடைத்ததைவிட உள்ளூர்க் குழுக்கள் இழந்ததே அதிகம். இருந்தாலும் கதவு முழுக்க மூடவில்லை. 2013-இல் லூயிஷம் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை, பிரசவப் பிரிவுகளைக் குறைக்க அப்போதைய அமைச்சர் ஜெரமி ஹன்ட் எடுத்த முடிவை எதிர்த்து, ஊர்மக்களின் இயக்கமும் லூயிஷம் கவுன்சிலும் கோர்ட்டுக்குப் போயின. அமைச்சருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஐகோர்ட் சொன்னது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. மக்களும் கவுன்சிலும் ஒரே பக்கம் நின்றதால் நடந்தது அது.

இத்தனையும் செய்து, சென்டர் மூடப்பட்டு, அம்மாவுக்கான மாற்று ஏற்பாடும் சரியில்லை என்றால், முதலில் கவுன்சிலின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். இலவசம்தான், பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். முடிவே சட்டவிரோதம் என்று தோன்றினால் ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று கோர்ட் பார்ப்பது. அதற்கு அதிகபட்சக் கெடு மூன்று மாதம், ஆனால் தாமதிக்காமல் போக வேண்டும் என்பது விதி. முடிவு வெளியான வாரமே சமூகப் பராமரிப்புச் சட்டம் பார்க்கும் ஒரு சொலிசிட்டரைக் கேளுங்கள். அம்மாவின் பெயரில் லீகல் எய்ட் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நோயாளிகளின் குரலை எடுத்துச் சொல்லும் உள்ளூர் ஹெல்த்வாட்ச் அமைப்புகளை மூடப்போவதாக அரசு 2025-இல் அறிவித்தது. உங்கள் பகுதியில் இன்னும் இயங்கினால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள், அவர்கள் அறிக்கை ஸ்க்ரூட்டினிக்குப் போகும்.

கடைசியாக, உங்கள் தயக்கம். கேள்வியை எழுத்தில் அனுப்பினால் பல கவுன்சில்களில் தலைவரே வாசித்துப் பதில் தருவார். இல்லாவிட்டால் தோழி வாசிக்கலாம், வார்டு கவுன்சிலர் உங்கள் சார்பில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கூட்டத்துக்குப் பல நாள் முன்பே கேளுங்கள். அதே டே சென்டருக்கு வரும் மற்ற குடும்பங்களை இப்போதே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஒருவர் சேமிப்புக் கணக்கைக் கேட்கட்டும், ஒருவர் ரிவ்யூவைக் கேட்கட்டும், ஒருவர் மொழியைக் கேட்கட்டும். ஒரே ஆள் மூன்றையும் கேட்டால் நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். நீங்களே பேச முடிவு செய்தால் நான்கு வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள்: அம்மா யார், வாரத்தில் எத்தனை நாள் போகிறார், அந்த நாட்கள் போனால் உங்கள் வேலை என்ன ஆகும், உங்கள் ஒரே கேள்வி என்ன. பதில் சுற்றிவளைத்து வந்தால் "எழுத்தில் எப்போது தருவீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். அவர்கள் சொல்லும் தேதி மினிட்ஸில் பதிவாகும். அந்தத் தேதியில் பதில் வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கேள்வி தயார்.